மதுரை வீட்டு மீன் தொட்டிக்கு எந்த ஃபில்டர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபில்டர் பெட்டியில் அச்சடித்திருக்கும் குறிப்புகளைப் படித்தால், வெயிலே தெரியாத ஊரில், கரண்டே போகாத வீட்டில், உப்பே இல்லாத தண்ணீரில் மீன் வளர்ப்பவருக்காக எழுதியது போல இருக்கும். நம்மூரில் மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. பராமரிப்பு வேலை என்று பகல் முழுக்கக் கரண்ட் போகிறது. போர் தண்ணீர் பக்கெட்டின் விளிம்பில் வெள்ளைப் படிவு விடுகிறது. ஆகவே அதே கேள்விகளுக்கு இங்கே கொஞ்சம் வேறு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான வீடுகளுக்கு என் பதில் ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான். ஏன் என்பதும், எந்த இடத்தில் அது போதாது என்பதும் கீழே.

வாரா வாரம் தண்ணீர் மாற்றுகிறேன். அப்புறம் ஃபில்டர் எதற்கு?

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. தின்னாமல் மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகினாலும் அம்மோனியாதான். அதற்கு நிறம் கிடையாது. தண்ணீர் தெளிவாகவே இருக்கும், மீன் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

இந்த அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் மீனுக்கு விஷம்தான். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, அது சேர்வதைத்தான் நீங்கள் வாரா வாரம் தண்ணீர் மாற்றிக் குறைக்கிறீர்கள். இந்த பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தண்ணீரில் மிதந்து திரிவதில்லை. பஞ்சு, கல், கண்ணாடி என்று எதிலாவது ஒட்டிக்கொண்டு வாழ்பவை. அவை ஒட்ட இடமும், அந்த இடத்தின் வழியாக ஆக்சிஜனுள்ள தண்ணீர் ஓடிக்கொண்டிருப்பதும் வேண்டும். ஃபில்டரின் முதல் வேலை இதுதான். அழுக்கைப் பிடிப்பது இரண்டாவது வேலை. கடையில் எதை எடுத்துக் காட்டினாலும், இதில் பாக்டீரியா ஒட்ட எவ்வளவு இடம் இருக்கிறது, நம் வீட்டில் இது எவ்வளவு நேரம் நிற்காமல் ஓடும் என்று பாருங்கள். விளக்கு, நிறம், நீரூற்று எல்லாம் அப்புறம்.

என் தொட்டி எத்தனை லிட்டர் என்றே தெரியவில்லையே?

நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் அளந்து பெருக்கி, 61-ஆல் வகுங்கள். கடைகளில் அதிகம் விற்கும் 2 அடித் தொட்டி 24, 12, 12 என்றால் 3456 வரும். வகுத்தால் சுமார் 57 லிட்டர். கல், மணல், மேலே விடும் இடைவெளி போனால் உள்ளே நிற்கும் தண்ணீர் 45 முதல் 50 லிட்டர்தான். 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் மொத்தம் சுமார் 127 லிட்டர்.

பெட்டியில் 'மணிக்கு 600 லிட்டர்' என்று போட்டிருக்கிறது. அதை நம்பலாமா?

தொட்டித் தண்ணீர் முழுவதும் மணிக்கு 4 முதல் 6 தடவை ஃபில்டர் வழியாகப் போய்வர வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 50 லிட்டருக்கு 200 முதல் 300 வரை போதும். கோல்டு ஃபிஷ் போல அழுக்கு அதிகம் போடும் மீனுக்கு அதற்கு மேலே போகலாம்.

ஆனால் பெட்டியில் இருக்கும் எண், பஞ்சு எதுவும் வைக்காமல், தண்ணீரை மேலே ஏற்றாமல் மோட்டார் தள்ளும் அளவு. பஞ்சு வைத்து, அதில் இரண்டு வாரத்து அழுக்கும் சேர்ந்தால் ஓட்டம் நன்றாகவே குறையும். அதே பெட்டியில் 'எச் மேக்ஸ்' என்று இன்னொரு எண் இருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. எச் மேக்ஸ் 0.8 மீட்டர் என்றால் அந்த உயரம் வரைக்கும்தான் மோட்டாருக்கு வலு, அங்கே போனால் ஒரு சொட்டும் வெளியே வராது. தண்ணீரை ஓர் அடி மேலே ஏற்றி ஊற்றுகிற டாப் ஃபில்டர் வாங்குபவர்கள் முதல் எண்ணைவிட இதைத்தான் கவனிக்க வேண்டும்.

கடையில் நாலைந்து வகை காட்டுகிறார்கள். எதில் என்ன வித்தியாசம்?

ஸ்பாஞ்ச் ஃபில்டரில் உள்ளே மோட்டார் இல்லை. வெளியே இருக்கும் ஏர் பம்ப் காற்றை அனுப்பும், குமிழிகள் குழாய் வழியாக மேலே ஏறும்போது பஞ்சு வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். அவ்வளவுதான் சங்கதி. கெட்டுப்போக அதில் ஒன்றும் இல்லை. விலையும் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

இன்டர்னல் ஃபில்டர் என்பது தொட்டிக்குள்ளேயே கண்ணாடியில் ஒட்டிவைக்கும் மோட்டார். அடியில் சின்னப் பஞ்சு இருக்கும். அழுக்கை நன்றாக இழுக்கும், ஆனால் பஞ்சு சிறியது என்பதால் பாக்டீரியாவுக்கு இடம் குறைவு. மோட்டாரின் சூடும் தொட்டித் தண்ணீருக்குள்ளேயே இறங்குகிறது. நம்மூர் கோடையில் அது தேவையில்லாத வேலை.

ஹேங்-ஆன் ஃபில்டர் தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் தொங்கும். பார்க்க அழகு, பஞ்சை மாற்றுவதும் சுலபம். ஆனால் தண்ணீர் மட்டம் இறங்கினால் அருவி மாதிரிச் சத்தம் போடும், இன்னும் இறங்கினால் காற்றை இழுத்து நின்றுவிடும். சித்திரை, வைகாசியில் தொட்டித் தண்ணீர் ஆவியாகும் வேகத்துக்கு அடிக்கடி ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

டாப் ஃபில்டர் தொட்டி மேலே உட்காரும் நீளமான பெட்டி. உள்ளே பஞ்சு, செராமிக் ரிங் (பாக்டீரியா ஒட்டும் பீங்கான் வளையம்), என்ன வேண்டுமானாலும் அடுக்கலாம். தண்ணீர் மேலேயிருந்து விழுவதால் ஆக்சிஜனும் நன்றாகக் கலக்கும். சோபோ, வீனஸ் அக்வா, ஆர்எஸ் என்று பல பெயர்களில் கிடைக்கும்.

கேனிஸ்டர் வெளியே, பெரும்பாலும் ஸ்டாண்டுக்கு அடியில் வைக்கும் மூடிய டப்பா. உள்ளே நிறைய இடம், சத்தம் குறைவு. விலை அதிகம். கரண்ட் நின்றால் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

அப்படியென்றால் ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஏன் முதலில் சொல்கிறீர்கள்? அது குஞ்சு பொரிக்கும் தொட்டிக்குத்தானே?

குஞ்சுத் தொட்டிக்கு அதைத் தேர்ந்தெடுப்பது குட்டி மீனை உறிஞ்சாது என்பதால். அதற்காகப் பெரிய மீனுக்கு உதவாது என்று அர்த்தமில்லை. முழுப் பஞ்சும் பாக்டீரியா ஒட்டும் இடம். கூடவே மேல்மட்டத் தண்ணீரைக் கலக்கி ஆக்சிஜனும் சேர்க்கிறது. கரண்ட் போனால் சின்ன பேட்டரி பம்பைக் குழாயில் மாட்டினால் போதும், ஃபில்டர் தொடர்ந்து ஓடும். மோட்டார் உள்ள எந்த ஃபில்டரையும் அவ்வளவு மலிவாக ஓட்ட முடியாது. போர் தண்ணீரின் சுண்ணாம்பு படிந்து இறுக அதற்குள் சுழலும் பாகமும் இல்லை. கப்பி, மோலி, பிளாட்டி, டெட்ரா, ஏஞ்சல், பார்ப் என்று நம் வீடுகளில் வளரும் பெரும்பாலான மீன்களுக்கு 2 அடித் தொட்டியில் நடுத்தர அளவு ஸ்பாஞ்ச் போதும். 3 அடி என்றால் இரண்டு மூலைக்கு இரண்டு.

குறை உண்டு. தொட்டிக்குள் கறுப்பாக ஒரு பொருள் நிற்பது சிலருக்குப் பிடிக்காது. செடியை முன்னால் நட்டு மறைக்கலாம். மிதக்கும் பொடி அழுக்கை மோட்டார் ஃபில்டர் அளவுக்கு வேகமாகப் பிடிக்காது. காற்றுக் குமிழி கரியமில வாயுவை வெளியே தள்ளிவிடும் என்பதால், அந்த வாயுவை சிலிண்டரில் வைத்துச் செலுத்திச் செடி வளர்ப்பவர்களுக்கு இது ஏற்றதல்ல. அவர்கள் கேனிஸ்டருக்குப் போகலாம்.

கோல்டு ஃபிஷ் நாலு இருக்கிறது. 2 அடித் தொட்டி. எந்த ஃபில்டர்?

எந்த ஃபில்டரும் போதாது என்பதுதான் உண்மை. கோல்டு ஃபிஷ் உள்ளங்கை அளவுக்கு வளரும் மீன், தின்பதும் கழிப்பதும் அதிகம். நாலு வேண்டும் என்றால் குறைந்தது 3 அடித் தொட்டி, மேலே ஒரு டாப் ஃபில்டர், கூடவே ஒரு ஸ்பாஞ்ச். இரண்டும் சேர்ந்து ஓடினால், ஒன்றைக் கழுவும் வாரத்தில் மற்றது பாக்டீரியாவைக் காப்பாற்றி வைத்திருக்கும். 2 அடியே இருக்கட்டும் என்றால் மீனைக் குறையுங்கள். கண்ணாடி பவுலில் கோல்டு ஃபிஷ் வேண்டவே வேண்டாம், எந்தக் கடைக்காரர் சொன்னாலும்.

ஃபைட்டர் மீனுக்கு ஃபில்டரே வேண்டாம் என்கிறார்களே?

ஃபைட்டர் மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும், அதனால் ஆக்சிஜன் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும். அம்மோனியாவை அது தாங்காது. 15, 20 லிட்டர் தொட்டியில் சின்ன ஸ்பாஞ்ச் வையுங்கள். காற்றுக் குழாயில் கன்ட்ரோல் வால்வு போட்டுக் குமிழியைக் குறைத்துவிடுங்கள். வேகமாக ஓடும் தண்ணீரில் அந்த நீளச் செட்டையோடு நீந்தி அது களைத்துப்போகும்.

ஃபிளவர்ஹார்ன், ஆஸ்கர்?

ஒற்றை மீன்தான், ஆனால் ஓர் அடி நெருங்கும் மீன். ஸ்பாஞ்ச் மட்டும் வைத்தால் திணறும், சில நேரம் மீனே அதைப் பிடுங்கி எறியும். 4 அடித் தொட்டி, மீடியா (பஞ்சு, செராமிக் ரிங் போல ஃபில்டருக்குள் அடுக்கும் பொருள்) நிறைய பிடிக்கும் டாப் ஃபில்டர் அல்லது கேனிஸ்டர். கையில் வித்தை உள்ளவர்கள் கீழே இன்னொரு தொட்டி வைத்து சம்ப் கட்டிக்கொள்ளலாம், இந்த மீன்களுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

கல்லுக்கு அடியில் தட்டு வைக்கும் அண்டர்கிராவல் ஃபில்டர் இன்னும் கிடைக்கிறதே?

கிடைக்கிறது. வேலையும் செய்யும். ஆனால் அழுக்கெல்லாம் தட்டுக்கு அடியில் போய்ச் சேரும், சுத்தம் செய்யத் தொட்டியையே கலைக்க வேண்டும். விட்டுவிடுங்கள்.

பராமரிப்பு என்று காலையில் போகும் கரண்ட் சாயங்காலம்தான் வருகிறது. அந்த நேரத்தில் என்ன ஆகும்?

இரண்டு பிரச்சினை. ஒன்று, மீனுக்கு ஆக்சிஜன். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேலே கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். கோடைப் பகலில் மீன் நெருக்கமாக உள்ள தொட்டியில் தண்ணீர் அசையாமல் இரண்டு மூன்று மணி நேரம் நின்றாலே மீன்கள் மேலே வந்துவிடும்.

இரண்டாவது, ஃபில்டருக்குள் இருக்கும் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும். ஸ்பாஞ்ச் தொட்டித் தண்ணீரிலேயே திறந்து நிற்பதால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கேனிஸ்டர் மூடிய டப்பா. உள்ளே இருக்கும் ஆக்சிஜனை அதிலுள்ள பாக்டீரியாவும் அழுக்கும் தீர்த்துவிடும், பாக்டீரியா சாகத் தொடங்கும். பல மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்ததும் அந்த நாறிய தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் பாயும். நீண்ட மின்தடைக்குப் பிறகு கேனிஸ்டர் வைத்திருப்பவர்கள் அதைத் திறந்து, உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் லேசாக அலசி மாட்டுவது நல்லது. காலையில் வேலைக்குப் போய்விட்டு இரவு வருபவருக்கு இது முடியாத காரியம். அதனால்தான் அடிக்கடி கரண்ட் போகும் பகுதிகளில் கேனிஸ்டரை நான் தயங்கித்தான் சொல்வேன்.

செய்யக்கூடியது: நாளிதழில் வரும் மின்தடை அறிவிப்பில் உங்கள் ஏரியா பெயர் இருந்தால் அன்று தீனி போடாதீர்கள். கரண்ட் போனால் தானாக ஓடும் பேட்டரி ஏர் பம்ப் கடைகளில் கிடைக்கிறது. யுஎஸ்பி-யில் ஓடும் சின்னப் பம்பை பவர் பேங்கில் மாட்டினாலும் சரி. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் ஏர் பம்பை இன்வெர்ட்டர் லைன் வரும் பிளக்கில் மாட்டிவிடுங்கள். ஸ்குயர் வேவ் வகை இன்வெர்ட்டர் என்றால் பம்ப் இரைச்சல் போட்டுச் சூடாகும். அப்படிக் கேட்டால் பேட்டரி பம்புக்கே போய்விடுங்கள்.

இன்னொன்று. ஏர் பம்பை தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைத்திருந்தால், கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி இறங்கி பம்புக்குள்ளும் தரைக்கும் வரலாம். குழாயின் நடுவே மாட்டும் நான்-ரிட்டர்ன் வால்வு பத்து இருபது ரூபாய்ச் சமாச்சாரம். வாயால் ஊதிப் பாருங்கள். காற்று போகும் பக்கம் தொட்டியைப் பார்த்து இருக்க வேண்டும்.

ராத்திரி சத்தம் தாங்க முடியவில்லை. தூங்கும்போது நிறுத்தி வைக்கலாமா?

கூடாது. ராத்திரியில் செடியும் ஆக்சிஜன் எடுக்கும், மீனும் எடுக்கும். சத்தத்துக்கு வேறு வழி இருக்கிறது. ஏர் பம்பை மர ஸ்டாண்டின் மேல் நேரடியாக வைக்காமல் மடித்த துணி மேலே வையுங்கள், அல்லது ஆணியில் கட்டித் தொங்க விடுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டரின் குழாய்க்குள் சின்ன ஏர் ஸ்டோன் (காற்றைப் பொடிக் குமிழியாக்கும் கல்) செருகினால் பெரிய குமிழிகள் 'பொளக் பொளக்' என்று வெடிப்பது நின்று, சன்னமாக வரும். ஓட்டமும் கொஞ்சம் கூடும்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான், உப்பு. ஃபில்டர் அதை நல்ல தண்ணீராக்குமா?

ஆக்காது. பஞ்சும் செராமிக் ரிங்கும் கரைந்த உப்பைத் தொடாது. அதற்காகக் கவலைப்படவும் வேண்டாம். கடினத் தண்ணீர் ஃபில்டருக்கு ஒரு வகையில் நல்லது. அம்மோனியாவை மாற்றும்போது பாக்டீரியா தண்ணீரின் காரத்தன்மையைச் செலவழிக்கிறது. போர் தண்ணீரில் அது தாராளமாக இருக்கும். வெறும் ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றுபவர்களுக்குத்தான் நாளாக நாளாக பிஹெச் (தண்ணீரின் அமில-கார அளவு) சரிந்து, பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் வேறு. பிஹெச் ஒரு புள்ளி கூடினால் அம்மோனியாவின் விஷமுள்ள பங்கு சுமார் 10 மடங்கு கூடும். பிஹெச் 7 தண்ணீரில் சமாளிக்கும் மீன் அதே அளவு அம்மோனியாவுக்கு பிஹெச் 8-இல் செத்துப்போகலாம். போர் தண்ணீர்த் தொட்டியில் ஃபில்டரைத் தேவைக்கு ஒரு சைஸ் பெரிதாகவே எடுங்கள். மீன் தேர்விலும் கப்பி, மோலி, பிளாட்டி மாதிரி கடினத் தண்ணீரை விரும்புபவற்றுக்குப் போனால் பாதித் தலைவலி குறையும்.

கோடையில் தண்ணீர் மட்டம் இறங்கும்போது ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கும். அதை ஈடுகட்ட மறுபடி போர் தண்ணீரையே ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆவியானதை ஈடுகட்ட மட்டும் ஆர்ஓ அல்லது நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். வாராந்திர மாற்றத்துக்குப் போர் தண்ணீர் போதும்.

குழாயில் வரும் கார்ப்பரேஷன் தண்ணீர்?

மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் கலந்திருக்கும். கிருமியைக் கொல்ல அது. உங்கள் ஃபில்டர் பாக்டீரியா நல்ல பாக்டீரியா என்று அதற்குத் தெரியாது. ஒரு நாள் திறந்த வாளியில் ஏர் ஸ்டோன் போட்டு வைத்து ஊற்றுங்கள், அல்லது ஆன்டி குளோரின் பயன்படுத்துங்கள். கடைகளில் சர்க்கரைக் கற்கண்டு போல் விற்கும் அந்தப் படிகம் சோடியம் தயோசல்ஃபேட்தான்.

ஃபில்டரைக் கழுவுவது எப்படி? எத்தனை நாளைக்கு ஒரு தடவை?

ஸ்பாஞ்ச் என்றால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, குமிழி குறைந்தது போலத் தெரிந்தால் உடனே. டாப் ஃபில்டரின் மேல் பஞ்சு என்றால் வாரம் ஒரு தடவை.

தண்ணீர் மாற்றும் நாளில் செய்யுங்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு சின்ன வாளியில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பாஞ்சை அப்படியே மேலே தூக்கினால் அதிலுள்ள அழுக்கு தொட்டி முழுக்கப் புகை மாதிரிப் பரவும். அதனால் ஒரு பிளாஸ்டிக் கவரைத் தண்ணீருக்குள்ளேயே விட்டு, ஸ்பாஞ்சை அதற்குள் இறக்கி, கவரோடு சேர்த்து வெளியே எடுங்கள். வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிழியுங்கள். முதல் பிழிவுக்கு டிகாஷன் நிறத்தில் வரும். மூன்று நான்கு தடவை பிழிந்தால் வெளிறும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். தண்ணீர் தெளியும் வரை பிழிவது நம் வீட்டுச் சுத்தப் பழக்கம், இங்கே அது வேண்டாம். வழுவழுப்பாகக் கையில் படுவதுதான் நாம் காப்பாற்ற வேண்டியது. சோப்பு, வெந்நீர், திறந்துவிட்ட குழாய்த் தண்ணீர், மொட்டை மாடி வெயில் நான்கும் ஆகாது. வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள், ரோஜா வாரி வாரிப் பூக்கும்.

மோட்டார் ஃபில்டர் 'கொர்ர்' என்று சத்தம் போட்டாலோ, ஓட்டம் மெலிந்தாலோ, பஞ்சைக் குறை சொல்வதற்கு முன்னால் மோட்டாரின் மூடியைத் திருகித் திறந்து உள்ளே இருக்கும் காந்தச் சக்கரத்தை வெளியே எடுங்கள். போர் தண்ணீர் வீடுகளில் அதன் மேல் சொரசொரவென்று வெள்ளைப் படிவு ஒட்டியிருக்கும். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் வந்துவிடும். நன்றாக அலசி மாட்டுங்கள். நடுவில் இருக்கும் வெள்ளைக் கம்பி பெரும்பாலும் செராமிக், வளைத்து இழுத்தால் 'டக்'கென்று முறியும்.

ஃபில்டருக்குள் கார்பன் பை வைத்துத் தருகிறார்கள். மாற்றிக்கொண்டே இருக்க வேண்டுமா?

கார்பன் நிறத்தையும் வாடையையும் இழுக்கும், சில வாரங்களில் தீர்ந்துபோகும். தினசரி வேலைக்கு அது தேவையில்லை, அந்த இடத்தில் செராமிக் ரிங் போடுங்கள். காசு மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார், புதிதாக, சோப்பு படாததாக வாங்கிப் போட்டாலும் பாக்டீரியா ஒட்டும். மீனுக்கு மருந்து போடும் நாட்களில் கார்பனை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மருந்தை அது இழுத்துக்கொள்ளும்.

ஜியோலைட் என்ற கனிமக் கல் வேறு கதை. அது அம்மோனியாவைப் பிடித்து வைக்கும். தொட்டியில் கல் உப்பு போட்டால் பிடித்ததைத் திரும்ப விட்டுவிடும். மீனுக்கு உடம்பு சரியில்லை என்றாலே கல் உப்பு போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஃபில்டரில் ஜியோலைட் இருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள்.

புது ஃபில்டர் போட்டு எத்தனை நாளில் மீன் விடலாம்?

மறுநாள் விடுவதுதான் வழக்கம், முதல் மாதத்தில் மீன் சாவதற்கும் அதுதான் காரணம். புதுப் பஞ்சில் பாக்டீரியா குடியேறி, வேலை முழுமையாக நடக்க மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். நம்மூர்ச் சூடு இந்த விஷயத்தில் உதவி, குளிர்ந்த தண்ணீரில் இன்னும் தாமதமாகும். தெரிந்தவர் வீட்டில் நன்றாக ஓடும், நோயில்லாத தொட்டி இருந்தால், அவர்கள் ஸ்பாஞ்சைப் பிழிந்த அந்தப் பழுப்புத் தண்ணீரைக் கேட்டு வாங்கி உங்கள் தொட்டியில் ஊற்றுங்கள். அவர்களுடைய ஃபில்டரிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சு கிடைத்தால் இன்னும் நல்லது. பாட்டில் பாக்டீரியாவை ஊற்றிவிட்டு அன்றே பத்து மீனை இறக்க வேண்டாம். இரண்டு மூன்று திடமான மீனோடு தொடங்கி, தீனியைக் கிள்ளிப் போட்டு, அம்மோனியா டெஸ்ட் கிட் வைத்துப் பாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நின்ற பிறகு மீதி மீன்.

ஃபில்டர் ஓடியும் தண்ணீர் கலங்கலாக இருக்கிறதே?

என்ன நிறம் என்று பாருங்கள். புதுத் தொட்டியில் பால் கலந்த மாதிரி வெண்மை என்றால் அது மிதக்கும் பாக்டீரியாப் பெருக்கம், தானாக அடங்கும். அந்த நேரத்தில் ஃபில்டரைக் கழுவினால் இன்னும் இழுக்கும். பச்சை என்றால் பாசி. தண்ணீரில் மிதக்கும் பாசி பஞ்சில் சிக்காத அளவு சிறியது. ஜன்னல் வெயில் படுகிறதா, விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது என்று பாருங்கள், ஃபில்டர் கடைக்கு ஓட வேண்டாம்.

சக்கர் மீன் ஒன்று விட்டால் அதுவே சுத்தம் செய்துவிடாதா?

சக்கர் கண்ணாடியில் உள்ள பாசியைக் கொஞ்சம் மேயும். மீனின் கழிவைத் தின்னாது, தானே ஏராளமாகக் கழிக்கும். ஓர் அடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் கண்மாயிலோ வைகையிலோ விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் இது ஏற்கெனவே பெருகி, வலையில் நாட்டு மீனுக்குப் பதிலாக இதுதான் வருகிறது என்று மீனவர்கள் நொந்துகொள்ளும் இடங்கள் உண்டு.

கரண்ட் பில் ஏறுமா?

4 வாட் ஏர் பம்ப் இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாத பில்லில் 6 யூனிட்டுக்குள். 15 வாட் மோட்டார் சுமார் 22 யூனிட்.

குலதெய்வம் கோயிலுக்கு நாலு நாள் ஊருக்குப் போகிறோம்.

வளர்ந்த, ஆரோக்கியமான மீன் நாலு நாள் தீனி இல்லாமல் இருக்கும். கிளம்பும் முதல் நாள் ஃபில்டரைக் கழுவாதீர்கள். கழுவுவதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்தால், "குமிழி வருதான்னு மட்டும் பாருங்க, தீனி போட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். பாசத்தில் ஒரு பிடி அள்ளிப் போட்டு, அதை எந்த ஃபில்டராலும் சமாளிக்க முடியாமல் போன கதைகள் ஏகப்பட்டது இருக்கின்றன. மெயின் ஸ்விட்சை நிறுத்திவிட்டுக் கிளம்பும் வழக்கமுள்ள வீடு என்றால், ஏர் பம்ப் இருக்கும் லைனை மட்டும் விட்டுவையுங்கள்.

தண்ணீரில் கை வைத்தால் லேசாக ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

ஆமாம், பயப்பட வேண்டும். உடனே பிளக்குகள் எல்லாவற்றையும் சுவரிலிருந்து பிடுங்குங்கள். தண்ணீருக்குள் இருக்கும் மோட்டார், ஹீட்டர், விளக்கு ஒன்றில் கசிவு இருக்கிறது, அதை ஒட்டுப்போட்டு ஓட்டாமல் தூக்கி எறியுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டரில் தொட்டிக்குள் கரண்ட் போகும் பாகமே இல்லை என்பது, குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அதைச் சொல்ல இன்னொரு காரணம். எந்த ஃபில்டராக இருந்தாலும் ஒயரைப் பிளக்கின் மட்டத்துக்குக் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விட்டு மாட்டுங்கள், ஒயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. வீட்டு போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் தானாக நிறுத்தும் ஸ்விட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கையை உள்ளே விடுவதற்கு முன் ஸ்விட்சை நிறுத்துவதோடு விடாமல் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். பழைய வீடுகளில் ஸ்விட்ச் நியூட்ரலில் போட்டிருக்கும் வயரிங்கும் இருக்கலாம்.